அழுகுணி ஆட்டம்

"வாசல்ல நின்னு சொல்ற பேச்சா இது? உள்ள வந்து உட்கார்ந்து சொல்லுங்க. என் பையனா அழுகுணி ஆட்டம் ஆடினான்?"

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே விறைப்பு தெரிந்தது. வந்தவள் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தின் பொறியாளர். ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் காவல் நிரலைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

"நான் சொல்லல சார். எங்க நிரல் சொல்லுது" என்றாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

"உங்க நிரலுக்கு என் பையன் யாருன்னு தெரியுமா?"

நிரலுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் எங்கள் ஆட்டம் ஓடாது என்று நிறுவனம் வருடக்கணக்கில் கையை விரித்தபோது, 'காசு கொடுத்துத்தானே வாங்கறோம், எங்க கணினியிலயும் ஓட வைங்க' என்று ஊர் ஊராக ரசிகர்களைத் திரட்டியவன் அவன். லினக்ஸின் சின்னமான பென்குயின் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டமே அலுவலக வாசலில் வந்து நின்றது. கடைசியில் நிறுவனம் இறங்கிவந்து, போன மாதம்தான் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே நுழைந்தவன் அவன். காவல் நிரலிடம் முதலில் மாட்டியவனும் அவன்தான்.

"எங்க மேலிடத்துக்கு லினக்ஸ்னாலே வேப்பங்காய் சார். தலைவனே திருட்டுத்தனம் பண்றான்னு தெரிஞ்சா, அதையே சாக்கா வெச்சு பதிப்பை மூடிடுவாங்க. எனக்கு அது பிடிக்கல, என் வீட்டுலயும் லினக்ஸ்தான். இன்னிக்கு நான் நேர்ல பாத்துட்டுப் போய் சொல்றதுதான் முடிவு."

"சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டினவன் நான்" என்றார் நடுவர்.

"அதுக்கப்புறம் தம்பி பொண்டாட்டி இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பாக்காட்டி போகட்டும். ஆட்டம்னா ஆட்டம்தான்." அவர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "இவனுக்குத் திருட்டுப் பிரதி கிடைக்காமலாம்மா போச்சு? கூட்டாளிங்க கொண்டுவந்து நீட்டினாங்க. தொடல. முன்வாசலைத் திறந்தா வரேன், சந்து வழியா வரமாட்டேன்னுட்டான். அவன் உயிரே அதுலதான்."

அவர் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா. எழுந்திரிக்கறதே கிடையாது. சாப்பாடு மேல கொண்டு போனா அப்படியே திரும்பி வருது. உடம்புன்னு ஒண்ணு இருந்ததையே மறந்துட்டான்."

பொறியாளருக்குச் சிரிப்பு வந்தது. "எங்கம்மாவும் என்னைப் பத்தி இதேதான் சொல்வாங்க. கூப்பிட்டா பதிலாவது சொல்வாரா?"

"கதவைத் திறந்தா மட்டும் 'சாத்துங்க'ம்பான். அதோட சரி."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மாடியிலிருந்து வாளோடு வாள் மோதும் ஓசை இறங்கி வந்தது. பொறியாளர் காதைக் கூர்மையாக்கினாள். இவ்வளவு வேகமாக ஆடுகிறவனின் அறையில் விசைகள் தடதடக்க வேண்டும். அந்தச் சத்தத்தையே காணோம்.

"சார், விஷயம் இதுதான். உங்க பையன் விசைப்பலகையத் தொடறதே இல்ல. மவுஸையும் தொடல. ஆனா ஆட்டத்துல அவரோட வீரன் ஓடறான், குதிக்கிறான், வாள் வீசறான். அப்போ, அவருக்குப் பதிலா வேற ஏதோ ஒரு நிரல்தானே ஆடணும்?"

"அவனுக்குப் பதிலா வேற எதுவும் ஆடலைன்னு உங்க கண்ணாலேயே பாத்தீங்கன்னா?"

"அவர் பேர்ல விழுந்த கறையை நானே துடைச்சுடறேன். லினக்ஸ் பதிப்பு மேலயும் யாரும் கை வைக்க முடியாது."

"வாங்க."

படியருகே மனைவி குறுக்கே வந்தாள். "வேண்டாங்க. அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க."

"நமக்குன்னு மிஞ்சியிருக்கறது அவன் பேர் ஒண்ணுதான். அதையும் விட்டுடச் சொல்றியா?" என்றார் அவர். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

படியேற ஏறக் குளிர் கணுக்காலைப் பிடித்தது. கதவில் ஒரு பென்குயின் படம் ஒட்டியிருந்தது. "இவன் அம்மாவுக்கு இது வாத்து" என்று முணுமுணுத்தபடி நடுவர் கதவைத் தள்ளினார்.

திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. கணினித் திரையின் நீல வெளிச்சம் மட்டும். அதில் வாள்வீரன் ஒருவன் மூன்று பேரைத் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு அடியில் நாற்காலி ஒழுங்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. விசைப்பலகையின் மேல் விரல் படாத தூசி.

பொறியாளர் தன் மடிக்கணினியை அந்தக் கணினியோடு இணைத்துத் தேடினாள். மறுபடியும் தேடினாள். ஆட்டத்தைத் தவிர அதில் வேறு எந்த நிரலும் ஓடவில்லை.

திரையில் வீரன் சட்டென்று நின்றான். வாளைத் தாழ்த்தி, இவர்கள் பக்கம் திரும்பினான். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'அப்பா, கதவைச் சாத்துங்க.'

"இதோ சாத்திடறேன் கண்ணா. வந்தவங்க பாத்துட்டாங்க" என்ற நடுவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்க முன்வாசலைத் திறக்கறதுக்குள்ள அவன் போயிட்டான்மா. திறந்த அன்னிக்கே வந்துட்டான். அவன் செத்துட்டான்னு போய்ச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். அழுகுணி ஆட்டம் ஆடினான்னு மட்டும் சொல்லிடாதீங்க."