கட்டைவிரல்

"அக்கா, காலையிலேர்ந்து பார்க்கிறேன், இருமிக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சம் வெளிய போய் உட்காருங்களேன்."

புது மேலாளர் சொன்னதும் அவளுக்குத் திக்கென்றது. கையிலிருந்த ரப்பர் பையை விடாமல் கணவரைப் பார்த்தாள்.

"தூசி, தம்பி. வேற ஒண்ணுமில்ல. தானா சரியாயிடும்."

மேசை மேல் கறுப்புப் பைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒவ்வொன்றிலும் பீங்கான் பொடியை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துவார்கள். பொடி உருண்டையாக இறுகும். பிறகு சூளையில் வெந்து, பளபளவென்று தேய்க்கப்பட்டு, இடுப்பு மூட்டு தேய்ந்துபோன யாரோ ஒருவரின் உடம்புக்குள் போய் உட்காரும்.

பை விற்ற புண்ணியவான் இரண்டு ரகத்தையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பியிருந்தான். ஒன்று எண்ணெய் தாங்கும் ரப்பர். இன்னொன்று சாதாரண ரப்பர்; எண்ணெய் பட்டால் உப்பிக் கசியும். கசிந்த எண்ணெய் பொடியில் இறங்கினால் உருண்டைக்குள்ளே ஊசிமுனை ஓட்டைகள் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு உருண்டை, படியிறங்கிய ஒரு பெண்ணின் இடுப்புக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. சில்லுகளைப் பொறுக்கியெடுக்க மூன்று முறை அறுத்தார்கள்.

ஒரு நாள் எண்ணெயில் ஊறப்போட்டால் ரகம் தெரிந்துவிடும். ஆனால் உருண்டைகள் இன்று மாலைக்குள் சூளைக்குப் போயாக வேண்டும். ஆகவே எல்லாரும் நம்பியிருந்தது அவள் கணவரை. சாதாரண ரப்பரை அழுத்தி விரலை எடுத்தால் துள்ளி எழும், எண்ணெய் ரகம் சோம்பேறித்தனமாக எழும். அந்த மயிரிழை வித்தியாசத்தைச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. ஆலையில் அவருக்குப் பெயரே கட்டைவிரல்தான்.

அவள் பையைத் துடைத்துக் கொடுப்பாள். அவர் கண்ணை மூடி அழுத்துவார். "ஆகும்" என்றால் வலது பக்கம், "ஆகாது" என்றால் இடது பக்கம்.

"ஆகும்," என்றார் அவர்.

அடுத்ததைத் துடைக்கும்போது அவளுக்கு மறுபடியும் இருமல். மேலாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆகாது." பை இடது பக்கம் விழுந்தது.

"ஐயா, அக்காவுக்கு நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தீங்களா? எங்கப்பா கல் அறுக்கிற வேலை பார்த்தவர். இப்படித்தான் 'தூசி, தூசி'ன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்தார்."

"இருக்கட்டும் தம்பி. அவ பக்கத்துல இல்லன்னா எனக்குக் கை ஓடாது."

"இந்த வயசுலயும் ஜோடி பிரியாதா?" மேலாளர் சிரித்தார். பொடி நிரப்புகிறவர்களும் சிரித்தார்கள். "எழுந்திருங்க அக்கா. சம்பளம் பிடிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

நல்ல மனுஷன். அதனாலேயே அவளால் தட்டிக்கழிக்க முடியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்தால் மறுநாளே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பும் ஆலை அது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "ஆகும்." சிறிது நேரம் கழித்து, "ஆகும்." மறுபடியும், "ஆகும்." அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மதியம் மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"ஐயா அசத்திட்டார், அக்கா! நீங்க போனப்புறம் நூத்தி இருபது பை, ஒண்ணுகூடக் கழியல. கலப்படமெல்லாம் மூட்டையோட மேல் பக்கமே இருந்திருக்கு போல. எல்லாத்தையும் தொட்டிக்குள்ள இறக்கியாச்சு."

தொட்டி எண்ணெயை அழுத்தும் பம்பு உறுமத் தொடங்கியது. அவள் சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். காலி மேசையின் முன்னால் அவர் தன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நிறுத்துங்க" என்று கத்த வாயெடுத்தாள். மகளின் முகம் குறுக்கே வந்து நின்றது. இருமினாள். அவர் நிமிரவில்லை. இன்னும் பலமாக, அடிவயிற்றிலிருந்து இருமினாள்.

"பார்த்தீங்களா, காத்தாட உட்கார்ந்தும் நிக்கல! நாளைக்கே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றபடி மேலாளர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அவள் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. சர்க்கரை நோயில் அவருடைய அந்தக் கட்டைவிரல் மரத்துப்போய் மூன்று வருடமாகிறது. துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு பையையும் அழுத்திப் பார்த்து, ஆகாததற்கெல்லாம் இருமிக் காட்டியவள் அவள்தான்.