கருப்பசாமிக்கு எட்டாம் நம்பர்

செருப்பு தேய்ந்திருந்தால் அழகுமீனா தப்பித்தாள். தேயாமல் புத்தம் புதிதாக இருந்தால், அவளுடைய தையல் மெஷின் இன்று சாயங்காலமே பழைய இரும்புக்குப் போய்விடும். நாரணாபுரம் கருப்பசாமி கோயில் முன்னால் கூடியிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

சாமி ராத்திரியில் ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறது என்பது நம்பிக்கை. போன சிவராத்திரிக்குக் காணிக்கையாக வைத்த செருப்பை இந்தச் சிவராத்திரிக்குத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அடி தேய்ந்திருந்தால் சாமி ஏற்றுக்கொண்டது, போட்டு நடந்தது என்று அர்த்தம்.

எப்போதும் மதுரையிலிருந்து ஆணி அடித்த செருப்பு வரும். போன சிவராத்திரிக்கு வைத்ததைத் தைத்தது அழகுமீனா. அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய கால்மெஷினில் அவள் தோல் பை தைத்து விருதுநகர்க் கடைக்குப் போடுவது மாமனார் சங்கரலிங்கத்தின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. சாமியாடி வீட்டுக்குள் தோலா? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கருப்பனுக்குத் தைத்துப் போடு, பிடித்திருந்தால் அவன் நடக்கட்டும். அளவு எட்டாம் நம்பர். அது பரம்பரை அளவு.

தோல் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெழுகுவத்தியைத் தேய்த்தாள். மிதித்தால் ஊசி உடையும் இடங்களில் சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி, மூன்று மடிப்புத் தோலையும் சேர்த்துத் தைத்து முடித்தாள். பேருக்குக்கூட ஓர் ஆணி இல்லை.

"ஆணியில்லாத செருப்பா? தீப்பொறி பறக்காது, பட்டாசுக் கம்பெனிக்குள்ளகூட விடுவாகளே," என்று சிரித்தான் அவள் புருசன் பெத்தணன். தரையெல்லாம் அலுமினியப் பொடி சிந்திக் கிடக்கும் அந்தக் கம்பெனியில்தான் அவனுக்கு ராக்காவல் வேலை.

"ஏலே, கருப்பன் என்ன கம்பெனிக்கு வேலைக்கா போறான்?" என்று சங்கரலிங்கம் சீறினார்.

இப்போதும் பெத்தணன் வேப்பமரத்தில் சாய்ந்து, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். இந்தக் காலத்தில் எந்தச் சாமி நடக்கிறது, எல்லாம் பைக்கில்தான் போகும் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அளந்துகொண்டிருந்தான். அழகுமீனாவுக்கு அவன் வாயைத் தைத்துவிட வேண்டும் போலிருந்தது. அதற்கேற்ற ஊசியும் அவளிடம் இருந்தது.

சங்கரலிங்கம் சாமியின் அரிவாளுக்குக் கீழே கிடந்த செருப்பை எடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, திருப்பினார்.

குதிகால் பக்கம் பாதித் தோலைக் காணோம். தேய்ந்த இடமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கியது.

பெண்கள் குலவை போட்டார்கள். சங்கரலிங்கத்துக்கு அங்கேயே அருள் வந்துவிட்டது. கருப்பன் நட்சத்திரத்தை மிதித்து நடந்திருக்கிறான் என்று ஆடினார். ஆடி முடித்ததும் மருமகளைக் கூப்பிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசி, அடுத்த செருப்பும் நீதான் தாயி என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அழகுமீனா மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதுரைச் செருப்புகூட இவ்வளவு தேய்ந்ததில்லையாம், ஊரே சொல்கிறது, இனி இந்த மெஷினை யார் அசைக்க முடியும் என்று புருசனிடம் கேட்டாள். சாமி நடக்காது என்று சொன்ன வாய் இப்போது எங்கே போனது என்றும் கேட்டாள்.

பெத்தணன் வெந்நீர் வாளிக்குள் காலை இறக்கி, குதிகாலில் ஊறிப்போயிருந்த பிளாஸ்திரியை மெல்ல உரித்தான்.

"அடுத்த தடவை ஒம்பதாம் நம்பராத் தையி, புள்ள," என்றான். "எட்டு எனக்குக் கடிக்குது."