எஞ்சின் கதவில் ஒரு கை

எஞ்சின் கதவின் கைப்பிடியை அவன் பற்றியதுதான் தாமதம், ராடிம் பின்னாலிருந்து காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். ஆள் பிளாட்பாரத்தில் மல்லாந்து விழுந்தான். உடம்பில் பெரிய கம்பெனியின் கருநீல ஜாக்கெட்.

“மறுபடி வந்துட்டீங்களாடா? போன வாரம் பிரேக் குழாயைக் கழட்டிவிட்டது பத்தலையா?”

“யோவ், நேரமாச்சுய்யா, விடு! நான்...”

“நேரமாகட்டும்னுதானே வந்திருக்கே!” என்று வாயிலேயே ஒன்று விட்டான் ராடிம். உதடு கிழிந்து ரத்தம் தெறித்தது.

கோஷிட்சேயிலிருந்து பிராக் வரை ஓடும் தனியார் ரயிலுக்கு ராடிம்தான் கார்டு. சின்னக் கம்பெனி. நடுவழியில், இந்த ஆஸ்ட்ராவா ஸ்டேஷனில் டிரைவர் மாறுகிற கொஞ்ச நேரத்தில்தான் வழக்கமாக விஷமம் நடக்கும். இந்த மாதம் இன்னொரு தடவை வண்டி தாமதமானால், இந்த நேரத்தில் வண்டி விடும் உரிமையைப் பிடுங்கிப் பெரிய கம்பெனிக்கே கொடுத்துவிடுவோம் என்று ரயில்வே மேலிடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். உரிமை போனால் ராடிமின் வேலையும் போகும்.

அந்த ஜாக்கெட்டைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைப் போட்டுக்கொண்டு பல வருஷம் மாடாக உழைத்தவன்தான். ஒரு சபாஷ் கிடைத்ததில்லை. சின்னக் கம்பெனிக்குத் தாவிய பிறகும், புதுச் சீருடை தைத்து வரும்வரை அதையேதான் மாட்டித் தொலைக்க வேண்டியிருந்தது. புதுசு வந்த அன்று பழையதைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்தான்.

ஆஸ்ட்ராவாக்காரனுக்கு அடி விழுந்தால் முதலில் கைதான் பேசும், வாய் பிறகுதான். கீழே கிடந்தவன் எழுந்த வேகத்தில் தலையால் ராடிமின் மூக்கில் மோதினான். மளுக்கென்றது. ராடிமுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் பிடித்த காலரை விடவில்லை.

ரயில் வாசல்களில் தலைகள் முளைத்தன. “விலாவுல குத்து கார்டு அண்ணே, விலாவுல!” என்று பீர் டப்பாவும் கையுமாக ஒருவன் கத்தினான். அடி வாங்குவது யார் என்று அவனுக்கென்ன கவலை!

காபி வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள் பணிப்பெண் ஸ்டெங்கா. “அண்ணே, விட்டுடுங்க, செத்துகித்துத் தொலைக்கப் போறான்! அவன் என்னமோ சொல்ல வர்றான் பாருங்க!”

“பொய்தான் சொல்லுவான். நீ உள்ள போம்மா!”

அந்த ஆள் தவழ்ந்து தவழ்ந்து எஞ்சின் பக்கமே போனான். “முன்னாடி போகணும்... விடுய்யா...”

“எங்களுக்கு முன்னாடி நீங்க போகணும், அதானே உங்க கம்பெனி ஆசை?”

கைப்பிடியை நோக்கி மறுபடி நீண்ட கையைத் தட்டிக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தான் ராடிம். எலும்பு முறிந்த சத்தம் ஸ்டெங்காவுக்கே கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வயிற்றில் இன்னும் ஓர் உதை. ஆள் தூணோரம் போய்ச் சுருண்டு விழுந்தான்.

ராடிம் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் தப்பவில்லை! மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட விசிலை ஊதினான். கதவுகள் மூடின. தான் ஒருவனாகவே கம்பெனியைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில், பச்சை விளக்கை உயர்த்திக் காட்டினான்.

வண்டி அசையவில்லை.

மறுபடி ஊதினான். சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது. இவ்வளவு ரகளைக்கும் எஞ்சினிலிருந்து ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தூணோரம் ஓடி, அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். “எஞ்சின்ல என்னடா பண்ணித் தொலைச்ச? வண்டி ஏன் நகரல?”

முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி, அவன் ஒரு பல்லைத் துப்பினான்.

“நான் ஏறினாத்தானேய்யா ஓட்ட முடியும்!”