சர்வேயர் வருவதற்குள்

மெத்தையின் ஒரு முனையை அவளும் பிடித்திருந்தாள்.

கட்டிலில் நனையாமல் கிடந்த மெத்தை. அவள் கணவன் கதிரேசன் அதைக் கீழே இழுத்து, அறையில் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீரில் குப்புறத் தள்ளினான்.

"நல்லா ஊறட்டும்."

முந்தின நாள் தெருவில் மாநகராட்சி ஆட்கள் பள்ளம் தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது. பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. பீரோவின் அடித்தட்டுத் துணிகள் மட்டும்தான் வீண்.

அது கதிரேசனுக்குப் போதவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் மதியம் வருகிறார்.

மிக்ஸியை முக்கினான். மேல்தட்டிலிருந்து அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்துப் போட்டு, காலால் மிதித்தான்.

 

பிறகு அவன் உள்ளறைக்குப் போனான்.

அங்கே அவன் அப்பா கால்களைத் தூக்கி வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாளும் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்காதவர்.

"அப்பா, அந்தாளு வர்றப்ப நீங்க கீழ உக்காந்திருங்க. பாத்தா மனசு இளகும்."

"என்னங்க இது?" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு."

பெரியவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"இந்த வேட்டி போதுமா, பழசு கட்டிக்கவா?" என்று கேட்டார்.

சர்வேயர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். பேண்டை மடித்து விட்டுக்கொண்டு மெத்தை, மிக்ஸி, புடவை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். உள்ளறை வாசலில் நின்றார். சாக்கடைத் தண்ணீரில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் நகந்துக்குங்க. தண்ணி ஏறுன கோடு மறையுது."

பெரியவர் இரண்டு கைகளையும் ஊன்றி நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

சர்வேயரை வழியனுப்பக் கதிரேசன் தெருவரை போனான். அவன் சிரித்துப் பேசுவது உள்ளே கேட்டது.

அவள் மாமனாரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். குழாய் உடைந்ததிலிருந்து தெருவுக்கே தண்ணீர் இல்லை. கடையில் வாங்கிய ஒரே ஒரு கேன் அடுப்படி மேடையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் சாய்த்தாள்.

"வேணாம்மா," என்றார்.

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். முதுகு, கைகள், விரலிடுக்கு.

கதிரேசன் வந்து நின்றான்.

"குடிக்கிற தண்ணியப் போயி கொட்டுற? நாம எதைக் குடிக்கிறது?"

அவள் கேனை இன்னும் சாய்த்தாள்.

"அந்தக் காலையும் நீட்டுங்க மாமா."