பன்னிரண்டுக்குள்

"காலையில எழுந்திருக்கும்போதே களைப்பா இருக்கா?"

"தினமும்" என்றாள் அவள்.

நர்ஸ் தாளில் பென்சிலால் மூன்று என்று எழுதினாள். பேனாவால் எழுதினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெரிய டாக்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் முதலில் பென்சில், கடைசியில் அதன் மேலேயே பேனா. இந்த ஆராய்ச்சி தொடங்கிய எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

தீராத களைப்பு நோய்க்கு வந்திருக்கும் புது மருந்தைப் பரிசோதிக்கும் அறை அது. 'புன்னகையோடு வரவேற்போம்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதிய புண்ணியவான் சாயங்காலம் நாலு மணிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

மொத்தம் பத்துக் கேள்விகள். 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'சில நாள்' ஒன்று, 'பல நாள்' இரண்டு, 'தினமும்' மூன்று.

"படுத்ததும் தூக்கம் வருதா?"

"தூக்கம் வந்துடும் சிஸ்டர். நான்தான் படுக்க மாட்டேன். பாத்திரம், துணி, மறுநாளைக்குக் காய் நறுக்கறது எல்லாம் முடிய பதினொண்ணு ஆயிடும். நாலரைக்கு அலாரம்."

"அப்போ தூக்கம் பத்தலை. தினமும்னு போடட்டுமா?"

"பல நாள்னு போடுங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் தூங்குவேன்."

நர்ஸ் இரண்டு போட்டாள். "கை, கால், கழுத்து கனக்குதா?"

"தையல் கம்பெனியில சட்டைக் காலர் தைக்கறேன். ஒரு நாளைக்கு நானூறு. யார் யார் கழுத்துக்கோ தைச்சு என் கழுத்து போச்சு."

"மறதி?"

"போன வாரம் கம்பெனி வாசல் வரைக்கும் போயிட்டேன். வாட்ச்மேன் சொல்றார், இன்னிக்கு லீவும்மான்னு."

"காரணமில்லாம அழுகை வருமா?"

"காரணமில்லாம வராது."

"காரணத்தோட?"

"பஸ்ல வரும். உட்கார இடம் கிடைச்சா."

நர்ஸ் மூன்று போட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? என்னால உட்கார முடியலை."

"ஆச்சு சார், அஞ்சு நிமிஷம்."

"பையில தண்ணி இருக்கு, குடிங்க" என்றாள் அவள், திரும்பாமலே. கதவு மூடிக்கொண்டது.

மீதிக் கேள்விகளும் முடிந்தன. நர்ஸ் விரல் விட்டுக் கூட்டினாள். இருபத்தாறு. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பன்னிரண்டைத் தாண்டினா ஆராய்ச்சியில எடுக்க மாட்டாங்க. விதி அப்படி."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "எடுக்கலைன்னா மருந்து?"

"கிடைக்காது. கடைக்கு இன்னும் வரலை. இங்கே மட்டும்தான். ஆராய்ச்சியில பாக்கி இருக்கறதும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம், இன்னிக்கு அஞ்சு மணியோட ஆள் சேர்க்கறதையும் நிறுத்தறாங்க."

"ரெண்டு வருஷமா ஏறாத ஆஸ்பத்திரி இல்லை சிஸ்டர். சத்து ஊசி, டானிக், எல்லாம் பார்த்தாச்சு. எல்லாம் மனசுலதான் இருக்குன்னுகூட ஒரு டாக்டர் சொல்லி அனுப்பிட்டார். இதுவும் இல்லைன்னா எங்க வீடு அவ்வளவுதான். எனக்கு வேற வழி தெரியலை."

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இது பதினோராவது ஆள். அவளுக்கும் கால் கடுத்தது.

"நான் சொல்லித் தரக் கூடாது. ஆனா கேள்வியை இன்னொரு தடவை கேட்கலாம். அதுக்குத் தடை இல்லை" என்று ரப்பரை எடுத்தாள்.

பரபரவென்று அழித்தாள். தாள் கொஞ்சம் கசங்கியது.

"காலையில எழுந்திருக்கும்போதே களைப்பா இருக்கா?"

"சில நாள்."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

"கை, கால், கழுத்து?"

"ஒரு குறையும் இல்லை."

"மறதி?"

"எனக்கா? உங்க கேள்வி பத்தும் வரிசையா ஞாபகம் இருக்கு, சொல்லட்டுமா?"

நர்ஸுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அழுகை?"

அவள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அது ஒண்ணை மட்டும் சில நாள்னு வெச்சுக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கலாம். ஒண்ணுதானே, இடம் இருக்கு."

மற்றதையும் கேட்டு முடித்தபோது ஒன்பது வந்தது. நர்ஸ் பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணின் மேலும் அழுத்தி எழுதினாள். ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினாள். "நான் பொய் சொன்னதால உங்க ஆராய்ச்சி தப்பாப் போயிடாதா சிஸ்டர்? பயமா இருக்கு."

"போடுங்கம்மா. இந்த நாற்காலியில உட்கார்ந்த பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் முதல் தடவையிலேயே பன்னிரண்டுக்குள்ள வந்ததில்லை."

அவள் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சார், உங்களுக்கு மருந்து கிடைச்சிருச்சு. ரெண்டு வேளையும் சாப்பிட்டதும் போடுங்க" என்று மாத்திரைப் பெட்டியை அவரிடம் கொடுத்தாள்.

பிறகு, ஒவ்வொரு நோயாளியோடும் ஒப்பிட்டுப் பார்க்க அதே வீட்டிலிருந்து நோயில்லாத ஒருவரும் வேண்டும் என்ற விதிப்படி, மனைவியின் தாளை எடுத்து அதன் மேல் முத்திரை குத்தினாள்: 'பூரண ஆரோக்கியம்.'