நூல் சுற்றிய குழாய்

பருத்தித்துறையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் போன சிமியோனின் லொறி கரவெட்டியில் நின்றுவிட்டது. இராணுவம் கழித்துவிட்ட அந்த லொறியை அவன் ஏலத்தில் எடுத்து ஒரு மாதம்தான். பெட்டிகளில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பஞ்சலிங்கம் வந்தார். பொனற்றைத் திறக்க முன்னமே, "பாரம் ஏத்தினால் இழுக்காது, சூடானால் நிண்டிடும், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. நீங்கள் ஆமியிலை இருந்தனீங்களோ?"

அவர் சிரித்தபடி பொனற்றைத் திறந்தார். டீசல் குழாயின் வெடிப்பில் பழைய நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"உது எந்த மடையன்ரை வேலை? மெக்கானிக்கோ, தையல்காரனோ?" என்றான் சிமியோன்.

"தையல்காரன்தான்," என்றார் பஞ்சலிங்கம் நூலைப் பிரித்தபடி. "சண்டை முடிய, அகதி முகாமிலையிருந்து எங்களை ஊருக்குக் கொண்டுவந்தது இந்த லொறிதான். வழியிலை ஏழு தரம் நிண்டது. ஆறு தரம் இறங்கித் தள்ளினம். ஏழாந்தரம் என்ரை மனுசி இனித் தன்னாலை தள்ள ஏலாதெண்டு ரோட்டிலை குந்திட்டா. நான் தையல்பெட்டியைத் திறந்தன்."

புதுக் குழாயை மாட்டியதும் லொறி முதல் தரத்திலேயே ஸ்ராட் ஆனது.

"மடையன் எண்டதை மனசிலை வைக்காதேங்கோ அண்ணை."

"சீச்சீ. அண்டைக்கு இது நிக்காட்டில், நான் இண்டைக்கும் சட்டைதான் தைச்சுக்கொண்டிருப்பன்."