மிஸ்ஸின் நாற்காலி

தெரிந்தேதான் தப்பாக மடித்தாள்.

துண்டில் ஆஸ்பத்திரியின் பச்சை எழுத்து வெளியே தெரிய வேண்டும். அவள் அதை உள்ளே தள்ளி மடித்தாள். அடுக்கின் மேல் வைத்துவிட்டுச் சலவை அறைக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

மிஸ் எழுந்து வரவில்லை.

முதல் வாரம் மிஸ்ஸின் நாற்காலி அவள் மேஜையை ஒட்டியே இருந்தது. கை மேல் கை வைத்து மடிக்கப் பழக்கினார். பிறகு நாற்காலி அலமாரிப் பக்கம் போனது. பிறகு இஸ்திரி மெஷினுக்கு அந்தப் பக்கம்.

இன்று கதவோரம்.

பயிற்சித் திட்டமே அதுதான். இவள் பழகப் பழக மிஸ் தள்ளிப் போக வேண்டும். கடைசியில் வரவே கூடாது. அதற்குப் பெயர் வெற்றி.

மிஸ் கையிலிருந்த படிவத்தில் ஐந்து கட்டங்கள். எடுப்பது, உதறுவது, மடிப்பது, அடுக்குவது, வண்டியில் ஏற்றுவது. ஐந்திலும் டிக் விழுந்தால் வேலை. விழாவிட்டால் மறுபடி அந்த வீடு. அம்மா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிற கதவு.

யாரோடு சாப்பிடுவாள் என்று ஒரு கட்டம் இல்லை. படிவம் போட்டவர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் போலிருக்கிறது.

ஒரு மணிக்குச் சலவை அறைப் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். இத்தனை நாளில் ஒருத்தியும் அவளைக் கூப்பிட்டதில்லை. கெட்டவர்கள் இல்லை. மெல்லும்போது அவளுக்கு வாயோரம் எச்சில் வழியும். அவ்வளவுதான்.

அவளும் மிஸ்ஸும் வெளியே படிக்கட்டில் சாப்பிடுவார்கள். டப்பா மூடியை மல்லாக்க வைப்பாள். மிஸ் கேட்காமலேயே அதில் பொரியல் வைப்பார்.

இன்னொரு துண்டு. தப்பு.

இன்னொன்று.

"ஏ புள்ள, நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான மடிச்ச? மிஸ்ஸு போறாகன்னதும் கையி மறந்துபோச்சாக்கும்?"

சலவை அறைக் குருவம்மா கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

மிஸ் எழுந்து வந்தார்.

மேலே இருந்த துண்டை உதறி அவள் கையில் கொடுத்தார். பக்கத்தில் உட்காரவில்லை.

"உனக்குத் தெரியும்டி."

அவள் துண்டைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடித்தாள். பச்சை எழுத்து வெளியே வந்தது.

மிஸ் ஐந்து டிக் போட்டார். ஐந்தாவதில் பேனா கொஞ்சம் நின்றது.

போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அழுவார்களாம். அதுவும் மிஸ்ஸுகளுக்கான பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்.

அவள் குனிந்து வண்டியில் அடுக்கை ஏற்றி நிமிர்ந்தபோது நாற்காலி சுவரோரம் மடக்கிச் சாத்தியிருந்தது.

ஒரு மணி.

டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வரை போனாள். நின்றாள்.

திரும்பி உள்ளே வந்தாள்.

வட்டத்தில் இடமில்லை. குருவம்மாவின் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். குருவம்மா திரும்பிப் பார்த்தாள்.

டப்பாவைத் திறந்தாள்.

குருவம்மாவின் தோளோரமாக எக்கிக் கையை நீட்டி, மூடியை வட்டத்துக்கு நடுவே மல்லாக்க வைத்தாள்.